இரண்டு மேடுகள்

குழித்தறியில் பாதிச் சேலை நிற்கிறது. பாவு நீலம். ஊடை பச்சை. மயில்கழுத்து. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், தலையைச் சாய்த்தால் இன்னொரு நிறம்.

தறிக்குழியில் யாரும் இல்லை. நாடா பாவின் மேல் குறுக்கே கிடக்கிறது. ஜக்காடு பெட்டியிலிருந்து தொங்கும் அட்டைகள் அசையவில்லை. விடியற்காலை மணி நாலு.

பெண் ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றுகிறாள். ஆறு மாத வயிறு. இழை அறுகிறது. முனைகளைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுகிறாள். மறுபடி சுற்றுகிறாள். இன்று நெய்ய ஆளில்லை. நாளைக்கு ஆகும்.

பையன் பாயில் தூங்குகிறான். மூன்று வயது. இடது கையை உடம்போடு ஒட்டாமல் அகட்டி வைத்தே தூங்கப் பழகியிருக்கிறான். தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு. மற்ற குழந்தைகளுக்கு உளுந்தளவு. இவனுக்கு எட்டணாக் காசளவு. அக்குளில் கட்டியைக் கீறிய கோடு. கழுத்தில் இன்னொரு கோடு. வலது விலாவுக்குக் கீழே பிளாஸ்திரி உரித்த தடம்.

கிழவி வாசல் தெளிக்கிறாள். வாளியை வைத்துவிட்டு உள்ளே பார்க்கிறாள்.

"சொந்தத்துல கட்டாதன்னு அப்பவே சொன்னாங்க."

யாரும் பதில் சொல்லவில்லை. ராட்டை சுற்றுகிறது.

*

செய்யாறு பேருந்து நிலையம். நகராட்சிப் பெயர் திருவத்திபுரம். பேருந்துகளின் நெற்றியில் செய்யாறு. குழல்விளக்குகள் இன்னும் எரிகின்றன.

வேலூர் வண்டியின் அருகே தகப்பன் நிற்கிறான். கையில் ஜவுளிக்கடைத் துணிப்பை. பையில் எக்ஸ்ரே உறை, ஸ்கேன் படம், பிஸ்கட் பொட்டலம், துண்டு, ரப்பர்பேண்ட் போட்ட சீட்டுக் கட்டு. கட்டின் மேல் சீட்டு அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவர் எழுதியது. கல்லீரலில் சீழ்க்கட்டி. சீழ் வளர்ப்பில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அதற்குக் கீழே அடிக்கோடிட்ட மூன்று எழுத்து: டி.எச்.ஆர்.

தகப்பன் அந்த மூன்று எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்க்கிறான். மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறான். பிறகு எடுத்துத் துணிப்பையிலேயே வைக்கிறான்.

வண்டி கிளம்புகிறது. ஆரணி. கண்ணமங்கலம். பையன் ஜன்னலோரம். வலது கையால் கம்பியைப் பிடித்திருக்கிறான்.

*

வேலூர். ரத்தம் எடுக்கும் அறை. வரிசையில் முப்பது பேர். டோக்கன் எண்ணைச் சொல்லும் ஒலிபெருக்கி. எண் வரும்போதெல்லாம் தகப்பன் தன் டோக்கனைப் பார்க்கிறான்.

செவிலியர் சீட்டைப் படிக்கிறார். தலை நிமிராமல் கேட்கிறார்.

"சொந்தத்துல கட்டினதாம்மா?"

"ஆமாங்க சிஸ்டர். மாமன் பையன்தான்."

சீட்டின் ஓரத்தில் ஒரு குறி.

"மூத்தது ஏதாவது தவறியிருக்கா?"

"இல்லைங்க. இவன்தான் மூத்தவன்."

"உன்கூடப் பொறந்த ஆம்பளப் பசங்க?"

பெண் சற்று யோசிக்கிறாள். "ஒருத்தன் இருந்தான். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டான். நெஞ்சுல சளின்னு சொல்வாங்க."

இன்னொரு குறி. இம்முறை வட்டம்.

பச்சை மூடிக் குழாய். உள்ளே ஹெப்பாரின்; ரத்தம் உறையாது. பையனிடம் இரண்டு மில்லி. அவன் அழவில்லை. ஊசி பழகியவன். பஞ்சைத் தானே அழுத்திப் பிடிக்கிறான்.

"இப்ப நீ நீட்டும்மா."

"எனக்கா?"

"உனக்கும்தான்."

மூன்றாவது குழாய் ஓர் அந்நியருடையது. ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு வந்த மாணவன் சட்டைக் கையை மடித்து நீட்டுகிறான். நோயில்லாத ஒருவரின் ரத்தம் அதே நேரத்தில், அதே வகைக் குழாயில், அதே தூரம் போய்வர வேண்டும். அது இல்லாமல் இந்தச் சோதனையைப் படிக்க முடியாது.

குழாய்கள் ஐஸ் பெட்டிக்குப் போவதில்லை. அறை வெப்பத்திலேயே இருக்கின்றன. உள்ளே இருப்பவை உயிரோடு இருக்க வேண்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ரத்தத்தில் சில மணி நேரமே சுற்றித் திரிவது. குழாய்க்குள் ஒரு நாளுக்குள் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

*

ஆய்வுக்கூடம். மேசை மேல் தாங்கி. தாங்கியில் ஆறு குழாய். ஒருவருக்கு இரண்டு வீதம். ஒன்றைத் தூண்ட வேண்டும். மற்றதைச் சும்மா விட வேண்டும்.

டெக்னீஷியன் அலுமினியத் தாளைக் கிழிக்கிறார். ஆறு குழாயையும் சுற்றுகிறார். இங்கு வரப்போகும் சாயத்துக்கு வெளிச்சம் ஆகாது.

சாயத்தின் பெயர் டைஹைட்ரோரோடமின் 123. சீட்டில் இருந்த டி.எச்.ஆர். இதுதான். நிறமில்லை. மின்னூட்டம் இல்லை. அதனால் செல்லின் சவ்வு அதைத் தடுப்பதில்லை. உள்ளே போகிறது. காத்திருக்கிறது.

ரோடமின் குடும்பம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்கு அரசு தடை போட்டது. அதில் கலந்திருந்த ரோஸ் நிறம் ரோடமின்-பி. பட்டு நூலில் பளிச்சென்று ஏறும் சாயம். தின்னக் கூடாதது. டைஹைட்ரோரோடமின் அதே குடும்பத்துப் பிள்ளை, இரண்டு ஹைட்ரஜன் சுமந்து வாய்மூடி இருக்கிறது. அந்த இரண்டையும் யாராவது பறித்தால் அது ரோடமின் 123. அப்போது நேர்மின்னூட்டம் வருகிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் போய் ஒட்டிக்கொள்கிறது. நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிர்கிறது.

பறிப்பது ஆக்சிஜனின் வேலை.

*

டெக்னீஷியன் ஃபிரீசரைத் திறக்கிறார். கட்டைவிரல் அளவு குப்பி. மேலே பி.எம்.ஏ. என்று எழுத்து. இரட்டைக் கையுறை போட்டுக்கொள்கிறார்.

முதன்முதலில் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது நேர்வாள எண்ணெயிலிருந்து. சித்த மருத்துவர் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம். தோலில் பட்டால் கொப்புளம். வெள்ளணுவில் பட்டால் அது கிருமி வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

மூன்று குழாயில் மட்டும் பி.எம்.ஏ. விழுகிறது.

37 டிகிரி நீர்த்தொட்டி. உடம்பின் சூடு. டைமரில் பதினைந்து நிமிடம்.

மாணவன் தொட்டியின் அருகே நிற்கிறான். அவனுடைய ரத்தமும் அதில் இருக்கிறது. கையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது.

தொட்டிக்குள் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. தாளுக்குள் நடக்கிறது. நியூட்ரோஃபில்லின் சவ்வில் இரண்டு புரதம் ஏற்கெனவே இருக்கின்றன. மற்றவை செல்லின் நீரில் தனித்தனியே மிதக்கின்றன. அழைப்பு வந்ததும் எல்லாம் ஓரிடத்தில் கூடுகின்றன. கூடியதும் அது ஒரு நொதி: என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ். ஆக்சிஜனை இழுக்கிறது. ஓர் எலக்ட்ரானைத் திணிக்கிறது. சூப்பராக்சைடு வருகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. விழுங்கிய கிருமியைக் கொல்லத் தேவையானவை இவை. மைலோபெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியின் துணையோடு பெராக்சைடு சாயத்தின் வாயைத் திறக்கிறது.

இந்த நொதியில் ஒரு புரதம் குறைந்தாலும் வெள்ளணு ஓடி வருகிறது. கிருமியை விழுங்குகிறது. கொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் மற்ற செல்கள் வந்து குவிகின்றன. கட்டியாகிறது. கீறினால் சீழ். ஆறினால் அடுத்த இடம்.

டைமர் அடிக்கிறது.

*

தாழ்வாரம். தகப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பெண் தரையில் கால் நீட்டியிருக்கிறாள். பையன் பிஸ்கட்டை மூன்றாக உடைக்கிறான். ஒன்று அம்மாவுக்கு. ஒன்று அப்பாவுக்கு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திரும்பக் கேட்கிறான்.

எதிர்ச் சுவரில் ஓர் ஆராய்ச்சி மாணவரின் சுவரொட்டி. கறுப்புப் பின்னணியில் பச்சைச் செல்கள். கீழே டி.சி.எஃப்.எச்.-டி.ஏ. என்று சாயத்தின் பெயர். அது இன்னொரு குடும்பம், ஃபுளோரசின் வழி. ஃபுளோரசினை அடால்ஃப் ஃபான் பேயர் 1871-இல் தயாரித்தார். செல்லுக்குள் போனதும் எஸ்டரேஸ் நொதிகள் இந்தச் சாயத்தின் வாலை வெட்டுகின்றன. வெட்டியபின் அது எளிதில் வெளியே வர முடியாது. ஆக்சிஜனேற்றம் நடந்தால் பச்சை. விலை மலிவு. செய்முறை எளிது. அதனால் ஆய்வேடுகளில் இந்தப் பச்சை அதிகம்.

சுவரொட்டியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.

2022-இல் மைக்கேல் மர்ஃபி முதலான பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நேச்சர் மெட்டபாலிசம் இதழில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். இந்தச் சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதில்லை. இடையில் இரும்போ பெராக்சிடேஸோ வேண்டும். சாயமே இடைநிலையில் புதிதாகச் சூப்பராக்சைடை உண்டாக்கக்கூடும். ஆகவே பச்சை தெரிந்தது என்றால் பச்சை தெரிந்தது என்றுதான் பொருள். எந்த மூலக்கூறு, எவ்வளவு என்பதை வேறு வழியிலும் காட்ட வேண்டும்.

டைஹைட்ரோரோடமினுக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு. மைலோபெராக்சிடேஸ் குறைந்த ஒருவரின் ரத்தமும் மங்கலாகவே தெரியும், அவருக்கு இந்த நோய் இல்லாவிட்டாலும். ஆகவேதான் அந்நியரின் குழாய். ஆகவேதான் தூண்டாத குழாய். ஆகவேதான் சீட்டின் ஓரத்துக் குறிகள்.

சுவரொட்டியின் முன்னால் பையன் நிற்கிறான். பச்சை வட்டங்களை விரலால் எண்ணுகிறான். ஐந்துக்குப் பிறகு மறுபடி ஒன்று.

*

ஃப்ளோ சைட்டோமீட்டர். மேசையில் வைத்த பெட்டி. பக்கத்தில் நீர்க் குடுவை, கழிவுக் குடுவை, கணினி. ஒரு குழாயை ஊசிமுனைக்குக் கீழே பொருத்துகிறார் டெக்னீஷியன். உள்ளே நீரோட்டம் செல்களை ஒற்றை வரிசையில் நிறுத்துகிறது. ஒவ்வொன்றாக நீல லேசரைக் கடக்கின்றன. 488 நானோமீட்டர். ஒளிர்ந்தால் உணர்கருவி எண்ணுகிறது. ஒளிராவிட்டாலும் எண்ணுகிறது.

அந்தப் பச்சையை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. திரையில் தெரிவது ஒரு கோடு. கோடு மேலெழுந்து இறங்கினால் மேடு. மேடு இடப்பக்கம் இருந்தால் மங்கல். வலப்பக்கம் இருந்தால் ஒளி.

முதலில் மாணவன். தூண்டாத குழாய்: மேடு இடப்பக்கம். தூண்டிய குழாய்: மேடு மொத்தமாக எழுந்து வலக்கோடிக்குப் போய்விட்டது. மாணவன் மூச்சு விடுகிறான். டெக்னீஷியன் பார்க்கிறார். அவன் பஞ்சைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போடுகிறான்.

அடுத்து பையன். தூண்டாத குழாய்: மேடு இடப்பக்கம். தூண்டிய குழாய்: மேடு இடப்பக்கம்.

டெக்னீஷியன் குழாயை வெளியே எடுக்கிறார். பெயர் ஒட்டிய சீட்டைப் படிக்கிறார். குலுக்கி மறுபடி வைக்கிறார். பத்தாயிரம் செல் கடக்கின்றன. மேடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அடுத்து தாய்.

தூண்டாத குழாய்: ஒரு மேடு, இடப்பக்கம். தூண்டிய குழாய்: இரண்டு மேடு. ஒன்று மாணவனுடையதைப் போல வலக்கோடியில். இன்னொன்று மகனுடைய இடத்தில். நடுவே பள்ளம்.

"மேடம், இங்க வாங்களேன்."

மருத்துவர் வருகிறார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குகிறார். திரையில் பள்ளத்தின் மேல் விரல் வைக்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை.

*

இந்த நோயைப் பற்றி 1957-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மருத்துவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே உயிர்க்கொல்லி என்ற சொல் இருந்தது. இன்று பெயர் நாட்பட்ட கிரானுலோமா நோய். சுருக்கமாக சி.ஜி.டி. உலக அளவில் ஏறக்குறைய இரண்டு லட்சம் முதல் இரண்டரை லட்சம் பிறப்பில் ஒன்று.

1960-களின் இறுதியில் என்.பி.டி. சோதனை வந்தது. மஞ்சள் சாயம், ஆக்சிடேஸ் வேலை செய்தால் கருநீலமாகும். நுண்ணோக்கியில் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு செல்லாக எண்ண வேண்டும். 1995-இல் சில ஒளிர்சாயங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வு டைஹைட்ரோரோடமினைத் தேர்ந்தது. அதன் பிறகு எண்ணுவது இயந்திரம்.

1986-இல் நோய்க்கான ஒரு மரபணு பிடிபட்டது. புரதம் எதுவென்று தெரியும் முன்பே, குரோமோசோமில் அது இருக்கும் இடத்தை வைத்துத் தேடிப் பிடித்த முதல் மனித நோய் மரபணு. எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடைத்துவிடுகிறது. நல்லதை வைத்துக்கொண்ட செல் ஒளிர்கிறது. மற்றது ஒளிர்வதில்லை. ஒரே உடம்பில் இரண்டும் ஓடுகின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்று.

அதே 1986-இல் வேலூர் சி.எம்.சி.யில், இந்த நோயைக் குணமாக்கக்கூடிய எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கியது.

2021-இல் இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 236 சி.ஜி.டி. நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டன. அதில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் வகையே எக்ஸ் வகையைவிடக் கூடுதல். சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அந்த வகைக்கு வாய்ப்பு அதிகம். அந்த வகையில் தாயின் கோட்டில் ஒரே மேடுதான் இருக்கும், வலப்பக்கம்.

இந்தத் திரையில் இரண்டு.

*

மாலை நாலு மணி. மருத்துவரின் அறை. மூன்று நாற்காலி. பையன் தகப்பன் மடியில்.

மருத்துவர் வெள்ளைத் தாளில் கோடு வரைகிறார். ஒரு மேடு. பக்கத்தில் இரண்டு மேடு. தகப்பன் தாளை உற்றுப் பார்க்கிறான். புதுப் பாணி வரைபடத்தைப் பார்க்கும் பார்வை.

"சொந்தத்துல கட்டினதாலயா மேடம்?"

"இல்லப்பா. இது அதனால வரல. அந்நியத்துல கட்டியிருந்தாலும் வந்திருக்கும்."

பெண் தாளைத் தன் பக்கம் இழுக்கிறாள். இரண்டு மேட்டையும் பார்க்கிறாள். கை வயிற்றுக்குப் போகிறது.

"அப்ப என்கிட்ட இருந்துதானா?"

"உங்கிட்ட இருக்கு. நீ பண்ணினது இல்லம்மா."

தகப்பன் பையனை மற்ற தொடைக்கு மாற்றுகிறான். மாற்றிய கையால் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறான்.

மருந்துச் சீட்டு. தினமும் கோட்ரைமாக்சசோல். தினமும் பூஞ்சைக்கு இட்ராகோனசோல். கட்டி இல்லாத நாளிலும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. எருக்குழி, மக்கிய இலை, பழைய வைக்கோல் பக்கம் போகக் கூடாது. ஊதா மூடிக் குழாயில் இன்னும் கொஞ்சம் ரத்தம், மரபணுவைப் படிக்க. மஜ்ஜை மாற்றுக்குப் பொருந்தும் ஆள் உண்டா என்று பிறகு பார்க்க வேண்டும்.

தகப்பன் மாத்திரைப் பெயர்களைத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறான். இரண்டாவது பெயர் வாயில் வரவில்லை. பையன் சரியாகச் சொல்கிறான். அறையில் எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள்.

"தாய் சேய் அட்டை கொண்டு வந்தியாம்மா?"

துணிப்பையின் அடியிலிருந்து அட்டை வருகிறது. மேலே கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண். உள்ளே எடை, ரத்த அழுத்தம், இரும்புச் சத்து மாத்திரைக் கணக்கு. மருத்துவர் சிவப்புப் பேனாவை எடுக்கிறார். தேதி போடுகிறார். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் எழுதுகிறார். எழுதியதைப் படித்துக் காட்டுகிறார்.

"அண்ணனுக்கு சி.ஜி.டி. பிறந்ததும் பி.சி.ஜி. போட வேண்டாம். முதலில் டி.எச்.ஆர்."

வயிற்றில் இருப்பது ஆண் என்றால் நோய் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெண் என்றால் தாயைப் போல இரண்டு மேடாக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்க்கலாம். அப்போதும் பக்கத்தில் நோயில்லாத ஒருவரின் குழாய் வேண்டும்.

பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. ஆரோக்கியமான குழந்தையைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது. இந்தியாவில் பிறந்தவுடன் போட வேண்டிய ஊசி, போடுவதே சரி. சி.ஜி.டி. குழந்தையின் வெள்ளணுவுக்கோ அந்தக் கிருமியை அடக்கத் தெரியாது. அக்குளில் கட்டி கட்டுவது பல குழந்தைகளிடம் நோயின் முதல் அடையாளம். குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், அடுத்த குழந்தைக்குச் சோதனை முடியும்வரை பி.சி.ஜி.யைத் தள்ளி வைக்க வேண்டும். முடிவு சரியாக இருந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

சோதனைக்கு ஓரிரு மில்லி ரத்தமும் ஒரு நாளும் போதும். பிரசவ அறையில் ஊசி போடும் செவிலியர் அந்தச் சிவப்பு வரியைப் படித்தால் மட்டுமே அது பயன்படும்.